நீலக் கண்களுக்காக ஒரு செபம்

ஓராண்டுக் காலம், ஓர் இரவும் தவறாமல், பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி கடவுளிடம் ஒரே வரத்தைக் கேட்கிறாள். தன் கண்கள் நீலநிறமாக வேண்டும் என்பதே அவ்வரம். வயிற்றுக்கு உணவு வேண்டும் என்றோ, குடித்துவிட்டு வந்து தாயோடு அடிதடியில் இறங்கும் தந்தை திருந்த வேண்டும் என்றோ அவள் கேட்கவில்லை. கண்கள் மாறிவிட்டால் மற்றவையெல்லாம் தாமாகவே மாறிவிடும் என்று நம்புகிறாள். அத்தகைய அழகிய கண்களுக்கு முன்னால் தீயன செய்யப் பெற்றோரே கூசுவார்கள் என்பது அவளுடைய கணக்கு.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘த புளூயஸ்ட் ஐ’ என்னும் முதல் புதினத்தின் கரு இதுவே. தலைப்பை ‘மிகமிக நீலமான விழி’ என்று தமிழாக்கிக்கொள்ளலாம். மாரிசன் 1931இல் ஓஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் உள்ள லொரெய்ன் என்னும் எஃகாலை நகரில் பிறந்தவர். தம் பன்னிரண்டாம் வயதில் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்து, பதுவை நகர்ப் புனித அந்தோணியாரின் பெயரைத் திருமுழுக்குப் பெயராக ஏற்றவர். உலகம் அறிந்த ‘டோனி’ அப்பெயரின் சுருக்கமே. 1993இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி என்னும் பெருமையும் அவருடையது. 2019இல் மறைந்தார். அவரை ‘நம்மவர்’ என்று உரிமை கொண்டாடுவதற்காக இதைக் குறிப்பிடவில்லை. பிற்காலத்தில் அவர் திருச்சபையோடு நெருங்கியிருந்தவரும் அல்லர். ஆனால், செபிக்கும் குழந்தையைப் பற்றி எழுதியவர் செபம் இன்னதென்று அறிந்தவர் என்பது இந்நூலைப் படிக்கும்போது நினைவில் இருக்கவேண்டிய செய்தி.

இந்நூலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே சூத்திரத்தைக் கூறி முடித்துவிடுகின்றனர். வெண்ணிறத்தையே அழகென்று போற்றும் சமுதாயத்தில் பிறந்த கறுப்புச் சிறுமி தன்னையே வெறுத்து மனம் பேதலித்தாள். கறுப்பினம், பெண் பிறப்பு, இளவயது ஆகிய மூன்றையும் கூட்டினால் வரும் தொகையே பிகோலா பிரீட்லவ் என்னும் அச்சிறுமியின் துயரம் என்பர். இது பொய்யன்று. ஆயினும், இக்கூட்டல் கணக்கு நூலில் இருப்பதில் பாதியைத்தான் தொடுகிறது. ஏனெனில், இந்நூலில் இருப்பவள் ஒரு கறுப்பினச் சிறுமி மட்டும் அல்லள், மூவர் இருக்கின்றனர்.

கதையைச் சொல்பவள் கிளாடியா மக்டீர், ஒன்பது வயதினள். அவளுடைய அக்கா ஃப்ரீடாவுக்குப் பத்து. பிகோலாவைப் போலவே இவர்களும் கறுப்பர், பெண்கள், அதே லொரெய்னில், அதே 1940-41ஆம் ஆண்டுகளில் வாழ்பவர்கள், அதே பள்ளிக்குச் செல்பவர்கள். இவர்கள் வீட்டிலும் செல்வம் இல்லை. பழைய, குளிர்ந்த வீடு. எலியும் கரப்பான்பூச்சியும் உலவும் இருண்ட அறைகள். கடையில் கிடைக்கும் மிட்டாய் முதல் திரைப்படத்தில் வரும் ஷெர்லி டெம்பிள் என்னும் பொன்முடிச் சிறுமி வரை, ‘அழகு என்பது நீ அன்று’ என்று பிகோலாவுக்குச் சொல்லும் அத்தனை குரல்களும் இவர்களுக்கும் அதையே சொல்கின்றன. அப்படியிருந்தும் கிளாடியாவும் ஃப்ரீடாவும் உடைந்துபோகவில்லை. நிறமும் பாலும் வறுமையும் மட்டுமே காரணம் என்றால் மூவரும் ஒன்றுபோல் உடைந்திருக்கவேண்டும். மாரிசன் இம்மூவரையும் ஒரே தெருவில் அருகருகே நிறுத்தியிருப்பது தற்செயலன்று என்பதே என் எண்ணம்.

நூலின் தொடக்கத்தில் வரும் நோய்ப் படுக்கைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். கிளாடியாவுக்குச் சளியும் இருமலும். தாய் கடிந்துகொண்டே வருகிறாள். விக்ஸ் தைலத்தை அள்ளி மகளின் நெஞ்சில் அழுத்தித் தேய்க்கிறாள். சூடான துணியைச் சுற்றிவிடுகிறாள். பிள்ளை வாந்தி எடுத்ததும் வாந்தியைத் திட்டுகிறாள். திட்டு தனக்கென்று எண்ணிப் பிள்ளை அழுகிறது. கொஞ்சல் மொழி ஒன்றுகூட அங்கே இல்லை. ஆனால், நள்ளிரவில் இருமல் கேட்டவுடன் காலடிகள் அறைக்குள் வருகின்றன. கைகள் துணியைச் சரிசெய்கின்றன, போர்வையை இழுத்துவிடுகின்றன, நெற்றியைத் தொட்டுப் பார்க்கின்றன. பின்னாளில் வளர்ந்த கிளாடியா அந்த இலையுதிர் காலத்தை நினைக்கும்போது, தான் சாகக்கூடாது என்று விரும்பிய ஒருவரின் கைகளை நினைக்கிறாள். அன்பு என்னும் சொல்லை இதைவிடச் சிக்கனமாக வரையறுத்த புதினம் வேறொன்றை நான் படித்ததில்லை.

இக்கைகளுக்கு எதிராக மற்றொரு சோடிக் கைகளை மாரிசன் பின்னர்க் காட்டுகிறார். பிகோலாவின் தாய் பாலீன் ஒரு வெள்ளையர் வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். ஒருநாள் அவ்வீட்டிற்குச் சென்ற பிகோலா, சூடாக இறக்கிவைத்திருந்த பழப் பலகாரத்தைத் தவறித் தட்டிவிடுகிறாள். கொதிக்கும் சாறு கால்களில் தெறிக்கிறது. தாய் ஓடிவருகிறாள், மகளை அறைகிறாள். அதே வேளையில், பயந்து அழும் வெள்ளைக்காரச் சிறுமியை அணைத்துத் தேற்றுகிறாள். புதிதாக இன்னொன்று செய்து தருவதாகச் சொல்கிறாள். அந்தச் சிறுமி பாலீனைச் செல்லப்பெயரிட்டு அழைக்கிறாள். பெற்ற மகளோ ‘திருமதி பிரீட்லவ்’ என்றே அழைத்துப் பழகியவள். சுட்டுப்போன கால்கள் யாருடையவை, தேற்றப்பட்டவள் யார் என்று எண்ணிப் பார்த்தால், நீலக் கண்களுக்கான செபம் எங்கே பிறந்தது என்பது விளங்கும். திரைப்படமும் மிட்டாய்த் தாளும் அச்செபத்திற்குச் சொற்களைத் தந்தன. பசியைத் தந்தது இந்த அடுக்களை.

பாலீனையும் ஆசிரியர் எளிதில் தண்டித்துவிடவில்லை. அலபாமாவில் பிறந்து, இரண்டு வயதில் ஆணி குத்திக் கால் ஊனமாகி, வடக்கே குடிபெயர்ந்து, தனிமையைத் திரைப்படக் கொட்டகையில் போக்கிக்கொண்ட பெண் அவள். திரையில் கண்ட நடிகையைப் போல் தலைவாரிக்கொண்டு அமர்ந்திருந்த நாளில் முன்பல் ஒன்று உடைந்து விழுந்தது. அன்றோடு அழகைப் பற்றிய ஆசையை விட்டாள். ஆனால், அழகைக் கொண்டு மனிதரை அளக்கும் பழக்கத்தை விடவில்லை. அந்த அளவுகோலால் தான் பெற்ற குழந்தையையும் அளந்தாள். இனவெறி ஒரு வீட்டிற்குள் நுழைவது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான். வெளியிலிருந்து எறியப்படும் கல்லைவிட, உள்ளிருப்பவர் கையில் எடுக்கும் கல்லே பிள்ளையின் மேல் குறி தவறாமல் விழுகிறது.

பெண்பிள்ளை என்னும் நிலையிலும் இதே ஒப்பீடு தொடர்கிறது. ஃப்ரீடாவிடம் ஒருநாள் அவர்கள் வீட்டில் குடியிருந்த ஆண் தகாத முறையில் நடந்துகொள்கிறான். அவள் பெற்றோரிடம் சொல்கிறாள். தந்தை அவனை அடிக்கிறார். பழைய மூன்றுசக்கர வண்டியை அவன் தலைமேல் எறிகிறார். துப்பாக்கியை எடுத்துச் சுடவும் செய்கிறார். நகைச்சுவை கலந்தே மாரிசன் இதைச் சொல்லியிருக்கிறார். பிகோலாவுக்கு நேர்ந்ததில் நகைக்க ஒன்றுமில்லை. அவளைக் கெடுத்தவன் பெற்ற தந்தை. அவள் சொன்னதை நம்பாதவள் பெற்ற தாய். பத்து, பதினொரு வயதுப் பெண்ணுக்கு வரும் ஆபத்து இரு வீடுகளிலும் இருந்தது. ஒரு வீட்டில் அவள் சொல் கேட்கப்பட்டது. மற்றதில் கேட்கப்படவில்லை.

பிகோலா பூப்பெய்தும் பகுதி இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டியது. குடும்பம் வீடிழந்த நாள்களில் அவள் மக்டீர் வீட்டில் தங்கியிருக்கிறாள். அங்குதான் அது நிகழ்கிறது. என்னவென்று அறியாமல் தான் சாகப்போவதாக அஞ்சுகிறாள். சிறுமியர் ஏதோ அசிங்கம் செய்வதாக எண்ணி அடிக்கக் கை ஓங்கிய கிளாடியாவின் தாய், உண்மை தெரிந்ததும் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொள்கிறாள்; பிகோலாவைக் குளிப்பாட்டுகிறாள்; தண்ணீர் விழும் ஓசைக்கு மேலாக அவளுடைய சிரிப்பு கேட்கிறது. நூல் முழுவதிலும் பிகோலாவை ஒரு தாய் தொட்டுக் கழுவுவது இந்த ஒரே இடத்தில்தான். அவள் பிறர் தாய். அன்றிரவு படுக்கையில் பிகோலா கேட்கும் கேள்வி, ஒருவர் தன்னை நேசிக்கும்படி செய்வது எப்படி என்பது. ஃப்ரீடா தூங்கிவிட்டாள். கிளாடியாவுக்கு விடை தெரியவில்லை.

இனி, நூலைச் சற்று மூடிவைத்துவிட்டு, இதே வினாவை ஆய்வு முறையில் எழுப்பியவர்களிடம் செல்வோம். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியல் தம்பதியர், நிறத்தால் மட்டுமே வேறுபட்ட பொம்மைகளை மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட 253 கறுப்பினக் குழந்தைகளின் முன் வைத்தனர். 1947இல் முடிவுகளை வெளியிட்டனர். எந்தப் பொம்மையோடு விளையாட விரும்புகிறாய் என்று கேட்டபோது, மூவரில் இருவர் என்னும் அளவில் வெள்ளைப் பொம்மையைக் காட்டினர். கெட்டதாகத் தோன்றும் பொம்மை எது என்றதற்குப் பெரும்பான்மையோர் தம் நிறப் பொம்மையைச் சுட்டினர். பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டத்திற்கு முரணானது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வுரை இடம்பெற்றது. நல்ல முடிவுக்குத் துணைநின்ற ஆய்வு அது, மறுப்பதற்கில்லை.

ஆனால், பொம்மையைத் தேர்வது வேறு, தன்னை மதிப்பது வேறு. பால்டிமோர் நகரப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து ரோசன்பர்க், சிம்மன்ஸ் என்னும் இருவர் 1971இல் வெளியிட்ட நூல் பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. கறுப்பினப் பிள்ளைகளின் தன்மதிப்பு வெள்ளைப் பிள்ளைகளினதைவிடக் குறைந்திருக்கவில்லை. சற்றுக் கூடுதலாகவே இருந்தது. அவர்கள் தந்த விளக்கம் எளியது: குழந்தை தன்னை நாடு வைத்திருக்கும் அளவுகோலால் அளப்பதில்லை. தாயும் தோழியும் ஆசிரியையும் தன்னை எவ்வாறு காண்கின்றனர் என்று பார்த்தே அளக்கிறது. அவர்களுள் பெரும்பாலோர் அப்பிள்ளைகளின் இனத்தவரே. பின்வந்த ஆய்வுகளைத் திரட்டி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்றும் இம்முடிவை உறுதிசெய்தது.

பெண்பிள்ளைகளைப் பற்றி அமெரிக்கப் பல்கலைக்கழக மகளிர் கழகம் 1991இல் வெளியிட்ட ஆய்வு மேலும் கூர்மையானது. ஒன்பது முதல் பதினைந்து வயது வரையுள்ள ஏறத்தாழ 3,000 பிள்ளைகள் அதில் பங்கேற்றனர். தாம் இருக்கும் நிலையில் மகிழ்ச்சியாக இருப்பதாகத் தொடக்கப்பள்ளிச் சிறுமியருள் நூற்றுக்கு 60 பேர் கூறினர். உயர்நிலைப் பள்ளியில் அவ்வாறு கூறியோர் 29 பேரே. சிறுவரிடம் இது 67இலிருந்து 46ஆகக் குறைந்தது. பெண்பிள்ளையின் மனம் சரிந்து விழும் வயது, பிகோலா நின்றுகொண்டிருக்கும் அதே படிக்கட்டு. எனினும், கறுப்பினச் சிறுமியர் மற்றச் சிறுமியரைப் போல அவ்வளவு சரியவில்லை. பள்ளியின் மீதும் ஆசிரியர் மீதும் அவர்கள் வைத்த நம்பிக்கைதான் குறைந்தது. ‘நான் மதிப்புள்ளவள்’ என்னும் உணர்வு பெரிதும் நிலைத்தது. அவர்களுள் கிளாடியாக்களே மிகுதி என்று இதை வாசிக்கத் தோன்றுகிறது.

எனவே, பிகோலாவை ‘கறுப்பினச் சிறுமி’யின் பொதுவடிவமாகக் கொள்வது அந்த இனத்துப் பெற்றோருக்கு இழைக்கும் அநீதி. மாரிசனே 1993இல் எழுதிய பின்னுரையில், தாம் தேர்ந்தது பொதுநிலையை அன்று, ஒரு தனிநிலையையே என்று தெளிவுபடுத்தியுள்ளார். எல்லாக் காப்புகளும் ஒரே நேரத்தில் அற்றுப்போன குழந்தை அவள். நச்சுக் காற்று ஊர் முழுவதும் வீசினாலும் கதவில்லாத வீட்டில் இருப்பவளே முதலில் விழுகிறாள். கதவில்லை என்று வீட்டைக் குறைகூறி, காற்றை மறந்துவிடுவதும் தவறே. அவ்வீட்டின் கதவைப் பெயர்த்ததும் அதே காற்று என்பதைப் பாலீன், சாலி ஆகியோரின் முன்கதைகள் காட்டுகின்றன.

சாலி என்பவன் பிகோலாவின் தந்தை. பெற்ற தாயால் பிறந்த சில நாள்களிலேயே குப்பைமேட்டில் விடப்பட்டவன். பதின்வயதில் ஓர் இரவு, ஒரு பெண்ணோடு தனித்திருந்தவனை வெள்ளைக்கார வேட்டைக்காரர் இருவர் விளக்கடித்துக் கண்டு, சிரித்துச் சிரித்து அவமானப்படுத்துகின்றனர். அவன் வெறுப்பு அவர்கள் மேல் செல்லவில்லை. தன்னோடு அவமானப்பட்ட அப்பெண்ணின் மேல் திரும்பியது. வலிமையுள்ளவனை வெறுக்க அஞ்சும் ஆண்மனம் தன்னினும் எளியவளைத் தேடுகிறது. பள்ளி முற்றத்தில் பிகோலாவைச் சூழ்ந்துகொண்டு அவள் நிறத்தைச் சொல்லி ஏசும் சிறுவர்களும் அவள் நிறத்தவரே.

இங்கேதான் எனக்கு இந்நூலின் மேல் ஒரு குறை உண்டு. பிகோலாவுக்குச் சாமி என்று ஓர் அண்ணன் இருக்கிறான். பதினான்கு வயதிற்குள் இருபத்தேழு முறை வீட்டைவிட்டு ஓடியவன். வீட்டில் சண்டை மூளும்போது அவன் திட்டுவான், கைகலப்பில் சேருவான், இல்லையேல் ஓடிவிடுவான். சிறியவளாகவும் பெண்ணாகவும் இருப்பதால் பிகோலாவுக்கு ஓட வழியில்லை. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தன் உடல் மறைந்துவிட வேண்டும் என்று வேண்டுகிறாள். விரல்கள், கைகள், கால்கள் என ஒவ்வொன்றாக மறைகின்றன. கண்கள் மட்டும் மறைய மறுக்கின்றன. மறையாத கண்களையாவது மாற்றித் தரும்படி கேட்பதே அவளுடைய செபம். ஒரே வீட்டின் ஒரே துயரம் மகனிடம் வெளிநோக்கியும் மகளிடம் உள்நோக்கியும் பாய்வதை உளவியலார் பிற்காலத்தில் விரிவாக எழுதினர்; மாரிசன் அதை ஒரு பக்கத்தில் காட்டிவிட்டார். ஆனால், அந்த ஒரு பக்கத்திற்குப்பின் சாமி நூலிலிருந்து ஏறத்தாழ மறைந்தே போகிறான். இருபத்தேழு முறை ஓடிய சிறுவன் எங்கே ஓடினான், யார் அவனைத் திரும்ப அழைத்துவந்தார், ஒருமுறையேனும் அழுதானா என்பது நமக்குத் தெரியாது. தாயின் கண்டிப்பான துப்புரவை மட்டும் பெற்று அன்பைப் பெறாத ஜூனியர் என்னும் சிறுவனும், பூனையைத் துன்புறுத்திப் பழியைப் பிகோலாமேல் போடும் காட்சியோடு கைவிடப்படுகிறான்.

இதைச் சிறிய குறையாக நான் கருதவில்லை. ஐந்து முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும் அவலம் எண்ணிக்கையில் மிக அரிது. ஆயினும் 1993 முதல் 2012 வரையிலான அமெரிக்கக் கணக்குகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, இவ்வயதில் கறுப்பினச் சிறுவரிடையே இது கணிசமாக உயர்ந்ததைக் கண்டது. ஐந்து முதல் பன்னிரண்டு வயதினரிடையே கறுப்பினப் பிள்ளைகளின் விகிதம் வெள்ளைப் பிள்ளைகளினதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு என்று 2018இல் மற்றோர் ஆய்வு கூறியது. தன்மதிப்பைப் பற்றி மேலே கண்ட ஆறுதலான எண்கள் முழு உண்மையைச் சொல்லிவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று. ஓடுகிறவன், உடைக்கிறவன், அடிக்கிறவன் துயரமற்றவன் என்று நாம் எண்ணிவிடுகிறோம். இத்துணை நுட்பமான ஆசிரியரும் அந்த இடத்தில் பார்வையைச் சற்று விரைவாகத் திருப்பிக்கொண்டார்.

சமயத்தைப் பற்றி நூல் கூறுவதைக் குருவாகிய நான் தாண்டிச் செல்ல இயலாது. பிகோலா மூன்று காசுக்கு மிட்டாய் வாங்கச் செல்கிறாள். வழியில் முளைத்திருக்கும் டான்டிலையன் என்னும் மஞ்சள் பூக்களைப் பார்த்து, இவற்றை ஏன் களை என்கிறார்கள், அழகாகத்தானே இருக்கின்றன என்று எண்ணுகிறாள். கடைக்காரர் யாக்கபோஸ்கி குடியேறி வந்த வெள்ளையர். கன்னி மரியாளின் மருண்ட விழிகளில் ஊறிய மனத்தவர் என்று மாரிசன் குறிப்பாகச் சொல்கிறார். அவர் இச்சிறுமியைப் பார்க்கிறார். ஆனால் அங்கே ஒருத்தி நிற்பதாகவே அவருடைய கண்கள் காட்டவில்லை. காசை வாங்கும்போது அவள் கையைத் தொடத் தயங்குகிறார். திரும்பி வரும் வழியில் அதே பூக்கள் அவளுக்கு அருவருப்பான களைகளாகத் தோன்றுகின்றன. சில நிமிடங்களில் நடந்த மாற்றம் இது. அன்னையின் திருவுருவத்தின்முன் ஆண்டுக்கணக்கில் நின்ற ஒருவரின் கண்கள் பத்து, பதினொரு வயதுக் குழந்தையைக் காணப் பயிற்சி பெறவில்லை என்னும் செய்தி கத்தோலிக்க வாசகரைச் சுடவேண்டும். ஜூனியரின் வீட்டிலிருந்து அவன் தாயால் இழிசொல்லோடு விரட்டப்படும்போது, சுவரில் காகிதப் பூக்களுக்கு நடுவே மாட்டியிருக்கும் இயேசுவின் படம் பிகோலாவைப் பார்க்கிறது. அக்கண்களில் துயரம் உண்டு, வியப்பு இல்லை. அந்தப் படம் இயேசுவைப் பழிக்கிறது என்று சிலர் கருதக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. கைவிடப்பட்டவளைப் பார்க்கும் கைவிடப்பட்டவரின் கண்கள் வேறு எப்படி இருக்கும்?

இறுதியில் அவள் செல்லும் இடம் சோப்ஹெட் சர்ச் என்னும் போலிக் குறிசொல்லியின் வீடு. ஆங்கிலேய இரத்தக் கலப்பில் பெருமைகொண்ட மேற்கிந்தியத் தீவுக் குடும்பத்தில் பிறந்தவன். ஒருகாலத்தில் இறைப்பணியை நாடியவன். சிறுமியரிடம் தகாத முறையில் நடப்பவன். நீலக் கண் கேட்டு வந்த பிள்ளையிடம் நஞ்சு கலந்த இறைச்சியைத் தந்து, வீட்டு நாய்க்கு இடச் சொல்கிறான். நாய் துடித்தால் வரம் கிடைத்தது என்று பொருளாம். பின்னர்க் கடவுளுக்கே கடிதம் எழுதி, நீர் செய்யாததை நான் செய்தேன் என்று தருக்குகிறான். நூலில் என்னை மிகவும் கலங்கவைத்த பகுதி இதுவே. அவன் பொய்யன், கொடியவன். ஆயினும் அவ்வூரில் அக்குழந்தையின் விண்ணப்பத்தை முழுவதும் கேட்டவன் அவன் ஒருவனே.

மாரிசன் தம் தொடக்கப்பள்ளித் தோழி ஒருத்தி நீலக் கண்கள் வேண்டும் என்று சொன்னதிலிருந்து இப்புதினம் பிறந்ததாகப் பின்னுரையில் எழுதியுள்ளார். இரண்டாண்டுகள் செபித்தும் கிடைக்கவில்லை, ஆகவே கடவுள் இல்லை என்று அத்தோழி முடிவுகட்டியதாக நேர்காணல்களில் கூறியிருக்கிறார். ‘உன்னைக் கடவுள் தம் சாயலாகப் படைத்தார்’ என்று அப்பிள்ளையிடம் சொல்லியிருக்கலாமே என்பார்கள். சொல்லலாம். ஆனால், தொடக் கூசும் கைகளைக் கொண்ட ஊரில் அச்சொல் எந்த வழியாக அவளுக்குள் செல்லும்? சாலமோனின் பெயரால் வழங்கும் உன்னதப் பாடலின் தொடக்கத்தில் மணமகள் தன் கருநிறத்தையும் தன் அழகையும் ஒரே மூச்சில் சொல்கிறாள். எபிரேய மூலத்தில் அவ்விரண்டையும் இணைப்பது ஒரே ஓர் எழுத்து. அதற்கு ‘உம்’ என்றும் பொருள் கொள்ளலாம், ‘ஆயினும்’ என்றும் கொள்ளலாம். இலத்தீன் மொழிபெயர்ப்பு ‘ஆயினும்’ என்பதைத் தேர்ந்துகொண்டது. குருமடத்தில் எபிரேயம் கற்பித்த பேராசிரியர் இவ்வோர் எழுத்துக்காக ஒரு வகுப்பு முழுவதையும் செலவிட்டார். அன்று அது எங்களுக்கு மிகையாகத் தோன்றியது. பிகோலாவைப் படித்தபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நூலின் அமைப்பைப் பற்றி ஓரிரு சொற்கள். அமெரிக்கப் பள்ளிகளில் வழங்கிய பாலபாடத்தின் பாணியில், அழகிய வீடும் சிரிக்கும் தாய்தந்தையரும் வரும் சிறு பகுதி முகப்பில் மூன்று முறை வருகிறது: முதலில் ஒழுங்காக, பின் நிறுத்தற்குறிகள் இன்றி, பின் சொற்களிடையே இடைவெளியும் இன்றி. இது வெற்று உத்தி அன்று. பிள்ளைகள் எழுத்தோடு சேர்த்தே எதைக் கற்கிறார்கள் என்பதைக் கண்ணுக்குக் காட்டுகிறது. ஆனால், பாதிக்கு மேல் பாலீன், சாலி, சோப்ஹெட் என்று பெரியோரின் வரலாறுகள் நீள நீள, நடுவிலிருக்கும் குழந்தை வெற்றிடமாகிவிடுகிறாள். மனம் பிறழ்ந்தபின், தனக்குள் கற்பித்துக்கொண்ட தோழியோடு நீலக் கண்களைப் பற்றிப் பேசும்போதுதான் அவள் நீளமாகப் பேசுகிறாள். கதையைத் துண்டுகளாக உடைத்த முறை தாம் எண்ணியவாறு பலிக்கவில்லை என்றும், வாசகர் பலர் இரங்கிவிட்டுப் போய்விடுகின்றனர் என்றும் மாரிசனே பின்னாளில் எழுதினார். தம் நூலைப் பற்றி ஆசிரியர்கள் இவ்வளவு நேர்மையாகப் பேசுவது அரிது.

அமெரிக்க நூலகங்களிலிருந்து நீக்கும்படி மிகுதியாகக் கோரப்பட்ட நூல்களின் பட்டியலில் 2022இல் இது மூன்றாம் இடத்தில் இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் நானும் இதைத் தரமாட்டேன். அப்பிள்ளையின் பெற்றோர் கையில் தருவேன். தந்தையின் குற்றம் அவன் பார்வையிலிருந்தே விவரிக்கப்படும் பக்கங்கள் தாங்குதற்கு அரியவை. கொடுமை எவ்வாறு தன்னை இரக்கம் என்று நம்பிக்கொள்கிறது என்பதைக் காட்டவே அவர் அப்படி எழுதினார் என்பதில் எனக்கு ஐயமில்லை; எனினும் அங்கே ஒரு பக்கம் குறைந்திருந்தால் நூலுக்கு இழப்பு நேர்ந்திராது.

பிகோலா கருவுற்ற செய்தி ஊரில் பரவியதும் பெரியவர்கள் அருவருக்கிறார்கள், சிலர் சிரிக்கவும் செய்கிறார்கள்; அக்குழந்தை பிறவாமல் போவதே நல்லது என்கிறார்கள். கோவிலுக்குச் செல்லும் மக்கள் அவர்கள். அக்குழந்தை உயிரோடு பிறக்கவேண்டும் என்று விரும்பியவர்கள் இருவரே: ஒன்பது வயதுக் கிளாடியாவும் பத்து வயது ஃப்ரீடாவும். மிதிவண்டி வாங்குவதற்காகச் செண்டுமல்லி விதைப் பொட்டலங்களை வீடுவீடாக விற்றுப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள், கடவுளோடு ஓர் உடன்படிக்கை செய்கிறார்கள். பணத்தைத் திரும்பத் தோண்டி எடுக்க மனம் வராதபடி பிகோலாவின் வீட்டருகே புதைக்க வேண்டும். மீதி விதைகளைத் தங்கள் கண்காணிப்பில் இருக்கும்படி தங்கள் வீட்டுக் கொல்லையில் நட வேண்டும். முளைத்தால் கடவுள் கேட்டுவிட்டார் என்று பொருள். அந்த ஆண்டு செண்டுமல்லி முளைக்கவில்லை, குழந்தையும் பிழைக்கவில்லை. விதையை ஆழமாக நட்டுவிட்டது தன் குற்றமோ என்று நெடுங்காலம் எண்ணிய கிளாடியா, பெரியவளானபின், அந்த ஆண்டு அம்மண்ணே சில விதைகளை ஏற்க மறுத்தது என்கிறாள். அவர்கள் நட்டபோது சொல்லவேண்டிய மந்திரச் சொற்களைக் கிளாடியா சொன்னாள், ஃப்ரீடா பாடினாள்.